விமானத்துக்கு மீட்டர் கணக்கு. சாலைக்கு வெறும் 'பனிமூட்டம்'

மார்கழி பிறந்தால் நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வரும். வெண்மைக்குள் மங்கலாகச் சில வண்டிகள். கீழே, 'முகப்பு விளக்குகளை எரியவிட்டபடி ஊர்ந்து சென்ற வாகனங்கள்' என்று ஒரு வரி. எத்தனை மீட்டர் தூரம் வரை சாலை தெரிந்தது என்பது மட்டும் அந்த வரியில் இருக்காது. அதே காலைப்பொழுதில் பெரிய விமான நிலையங்களில், ஓடுபாதையின் இந்த முனையில் 125 மீட்டர், நடுவில் 150 மீட்டர் என்று கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து இறங்குகிறவருக்குக் கிடைக்கும் இந்தத் தகவல் தரையில் போகிறவருக்கு ஏன் கிடைப்பதில்லை?

ஒவ்வொரு டிசம்பர், ஜனவரியிலும் பஞ்சாபிலிருந்து பிகார் வரை கங்கைச் சமவெளி நாள்கணக்கில் மூடுபனியில் மூழ்குகிறது. தில்லியில் விமானங்கள் ரத்தாகின்றன. அங்கிருந்து சென்னைக்கு வரும் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. விரைவுச் சாலைகளில் முன்னால் நின்ற வண்டி தெரியாமல், பின்னால் வந்தவை ஒன்றன்பின் ஒன்றாக மோதுகின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், மூடுபனி நேரத்து விபத்துகளில் நாடு முழுவதும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் இறப்பது தெரியும்.

காரணம் எளிய கணக்கு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டரைக் கடந்துவிடும். முன்னால் 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், ஓட்டுநருக்கு இருப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. கண் பார்த்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும். 60 கி.மீ. வேகத்திலும் நிலைமை பெரிதாக மாறாது. ஆக, 'பனிமூட்டமாக இருக்கிறது' என்ற செய்தியை வைத்து ஓட்டுநரால் எதையும் முடிவு செய்ய முடியாது. 'ஐம்பது மீட்டர்' என்றால் வண்டியை ஓரங்கட்டலாமா, வேகத்தைப் பாதியாக்கினால் போதுமா என்று முடிவு செய்யலாம்.

ஒரு கிலோமீட்டர் கோடு

வானிலைத் துறைக்கு மூடுபனி என்பது திட்டவட்டமான ஓர் அளவு. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளால் பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கினால் அது மூடுபனி. 1,000 மீட்டருக்கு மேல் 5,000 மீட்டர் வரை தெரிந்தால், விமான நிலைய அறிக்கையில் அது லேசான பனிமூட்டம். ஈரம் குறைந்து, தூசும் புகையும் மறைத்தால் அதற்கு வேறு குறியீடு.

இந்திய வானிலைத் துறை மூடுபனியை மேலும் நான்காகப் பிரிக்கிறது. 500 முதல் 1,000 மீட்டர் வரை தெரிந்தால் லேசானது. 200 முதல் 500 வரை மிதமானது. 50 முதல் 200 வரை அடர்த்தியானது. 50 மீட்டருக்கும் கீழே என்றால் மிக அடர்த்தியானது. இந்த நான்கு படிகளும் நான்கு வெவ்வேறு ஆபத்துகள். முதல் படியில் கவனமாக ஓட்டினால் போதும். நான்காவது படியில் சாலையில் இருப்பதே தவறு. செய்தியில் இரண்டும் 'கடும் பனிமூட்டம்' என்றே வருகின்றன.

நிலையத்தில் எப்படி அளக்கிறார்கள்?

பழைய முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. வானிலை நிலையத்தைச் சுற்றியுள்ள அடையாளங்களின் பட்டியல் ஒன்று ஊழியரிடம் இருக்கும். கிழக்கே 200 மீட்டரில் தண்ணீர்த் தொட்டி, வடக்கே 500 மீட்டரில் கோபுரம், மேற்கே ஒரு கிலோமீட்டரில் ஆலைப் புகைபோக்கி என்பதுபோல. அவர் திறந்தவெளியில் நின்று எது தெரிகிறது, எது மறைந்துவிட்டது என்று திசைவாரியாகப் பார்ப்பார். இரவில் தூரம் தெரிந்த விளக்குகளே அடையாளம். வெளிச்சமான அறையிலிருந்து வந்தவுடன் பார்க்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

எல்லாத் திசையிலும் ஒரே தூரம் தெரியாது. ஏரிப் பக்கம் 300 மீட்டரும், ஊர்ப் பக்கம் 900 மீட்டரும் தெரியலாம். அதனால் விமான நிலைய அறிக்கையில், சுற்றுவட்டத்தில் பாதிக்குக் குறையாத பரப்பில் எவ்வளவு தெரிகிறதோ அதைப் பொதுத் தூரமாகக் குறிப்பார்கள். ஏதாவது ஒரு திசையில் மிக மோசமாக இருந்தால், அதைத் தனியாகச் சேர்த்துச் சொல்வார்கள். 800 மீட்டருக்குக் கீழே 50, 50 மீட்டராக எழுதுவது வழக்கம், அதுவும் கீழ்நோக்கி. 370 மீட்டர் தெரிந்தால் 350 என்றே பதிவாகும். ஐயம் வந்தால் ஆபத்தின் பக்கம் சாய வேண்டும் என்பதே இந்த விதியின் நோக்கம்.

ஓடுபாதையோரம் கருவி அளக்கிறது. ஒரு கம்பத்திலிருந்து ஒளிக்கற்றை கிளம்பும். சில பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மற்றொரு கம்பம், அதில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்கும். வழியில் நீர்த்துளிகள் சிதறடித்த ஒளியை வைத்துப் பார்வைத் தூரம் கணக்கிடப்படும். பெங்களூருவின் என்.ஏ.எல். ஆய்வகம் உருவாக்கிய 'திருஷ்டி' என்ற உள்நாட்டுக் கருவி, நம் விமான நிலையங்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்கிறது. தில்லியில் ஓடுபாதை 50 மீட்டர் தெரிந்தாலே, தகுந்த கருவியும் பயிற்சி பெற்ற விமானியும் உள்ள விமானம் இறங்கலாம். 2015-இல் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் தொடங்கிய குளிர்கால மூடுபனி ஆய்வுக்கும் தில்லி விமான நிலையமே களம்.

ரயில்வேயும் தன் பங்குக்கு ஓர் எளிய ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நிலையத்திலிருந்து 180 மீட்டரில் ஓர் அடையாளப் பொருள் குறிக்கப்பட்டிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் தன் இடத்தில் நின்று பார்க்கும்போது அது தெரியவில்லை என்றால், மூடுபனிக் கால விதிகள் அமலுக்கு வந்துவிடும். சிக்னலுக்கு முன்பே தண்டவாளத்தில் டெட்டனேட்டர்களைப் பொருத்துவார்கள். சக்கரம் ஏறும்போது எழும் வெடிச்சத்தம் ஓட்டுநரை எச்சரிக்கும். இப்போது ஜி.பி.எஸ். கருவியும் அடுத்த சிக்னலின் தூரத்தை முன்கூட்டியே சொல்கிறது. ஒரு கம்பமும், ஒரு விதியும், அந்த விதியைச் செயல்படுத்தப் பொறுப்பான ஒரு மனிதரும் இங்கே இருக்கிறார்கள். சாலையில் இந்த மூன்றுமே இல்லை.

எல்லா மூடுபனியும் ஒன்றல்ல

மீட்டர் கணக்கோடு வகையும் தெரிந்தால்தான், 'எப்போது விலகும்?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சமவெளியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் தரை குளிர்வதால் வருவது. மேகமற்ற, காற்றடங்கிய நீண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை இழக்கும். நிலத்தை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளிகளாகும். முதல் நாள் மழை பெய்திருந்தாலோ, சுற்றிலும் தண்ணீர் பாய்ந்த வயல்கள் இருந்தாலோ இதற்கு இன்னும் வசதி. காற்று துளியும் அசையாவிட்டால் புல்லில் பனித்துளியாகப் படிந்துவிடும். பலமாக வீசினால் கலைந்துபோகும். மெல்லிய அசைவு இருக்கும்போதுதான் மூடுபனி திரளும். பொழுது விடியும் நேரத்தில் உச்சத்துக்குப் போய், வெயில் ஏறி நிலம் சூடானதும் விலகும். இந்த வகைக்கு, இரண்டு மணி நேரம் காத்திருப்பதே நல்ல மருந்து.

இதிலேயே ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் தரையோடு படுத்திருக்கும் மூடுபனிக்கு விமான நிலைய அறிக்கையில் தனிக் குறியீடு இருக்கிறது. ஓடுபாதைக்கு நேர் மேலே பறக்கும் விமானிக்குக் கீழே விளக்கெல்லாம் தெரியும். இறங்கியதும் எதுவும் தெரியாது. சாலையிலும் இதுதான் கதை. லாரி ஓட்டுநரின் கண் இந்தப் படலத்துக்கு மேலே இருக்கும். அவருக்கு வழி தெளிவு. பின்னால் வரும் காரில் இருப்பவர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். லாரி போகும் வேகத்தை நம்பிப் பின்தொடர்ந்தால் ஆபத்து.

திட்டுத்திட்டாக வரும் மூடுபனிக்கும் தனிக் குறியீடு உண்டு. ஒரு கிலோமீட்டர் தெளிவாக இருக்கும் சாலை, ஏரிக்கரை ஓரமாகவோ பள்ளத்திலோ சட்டென்று வெள்ளையாகிவிடும். சீராக அடர்ந்த மூடுபனியில் ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். திட்டுகளில் முழு வேகத்தோடு போய் நுழைவார்.

குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீர்ப்பரப்பின் மேல் தவழும்போது ஆவி எழும். ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் விடியற்காலையில் பார்க்கலாம். வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த கடலின் மேல் வந்து திரள்வது வேறொரு வகை. கலிபோர்னியக் கரையைக் கோடையிலும் மூடுவது அதுதான். துளிகள் சுழியத்துக்கும் கீழே குளிர்ந்திருந்தால், படும் இடமெல்லாம் உறைந்துவிடும்.

வானிலைக் குறியீட்டில் மூடுபனிக்கென்றே 40 முதல் 49 வரை பத்து எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மூடுபனி தூரத்தில் தெரிகிறதா, திட்டாக இருக்கிறதா, மேலே வானம் தெரிகிறதா, கடந்த ஒரு மணி நேரத்தில் மெலிந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, அடர்ந்திருக்கிறதா என்று அவை பிரித்துச் சொல்லும். அது எப்படி உண்டானது என்பதை எண் சொல்லாது. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். காரணத்தைக் காற்றையும் ஈரப்பதத்தையும் வைத்து முன்னறிவிப்பாளர் ஊகிப்பார். 'மெலிகிறதா, அடர்கிறதா' என்பதைத்தான் நெடுஞ்சாலை ஓட்டுநர் அறிய விரும்புகிறார். அந்தப் பதில் ஏற்கெனவே பதிவாகிறது. எண்ணாகப் போன தகவல் சொல்லாகத் திரும்பி வருவதற்குள், 'அதிகாலை வேளையில் ஓரிரு இடங்களில் பனிமூட்டம்' என்று சுருங்கிவிடுகிறது.

மலையில் வெயில் உதவாது

தமிழ்நாட்டின் பெரிய மூடுபனி மலையில்தான். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு மலைப்பாதைகளில் நாம் பனிமூட்டம் என்பது பெரும்பாலும் மேகமே. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து திரள்கிறது. மேட்டுப்பாளையத்தில் நிற்பவருக்கு அது மலையில் கவிந்த மேகம். குன்னூர்ப் பாதையின் கொண்டையூசி வளைவில் நிற்பவருக்கு அது மூடுபனி. கீழேயுள்ள நிலையத்தின் அறிக்கை மேலே போகிறவருக்குப் பயன்படாது.

சமவெளி மூடுபனிபோல இது வெயிலுக்குக் கட்டுப்படுவதில்லை. நண்பகலிலும் வரும், பத்து நிமிடத்தில் மூடும், காற்றின் திசை மாறும்வரை விலகாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது நண்பகல் வேளையில்தான். முப்படைத் தளபதி விபின் ராவத் உள்பட 14 பேர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் விமானி திசை குழம்பியதுமே காரணம் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. ராணுவ விமானிக்கே இந்த நிலை என்றால், முதன்முறையாக மலையேறும் சுற்றுலா வேன் ஓட்டுநரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

புகையும் பனியும் கலந்தால்

சென்னையில் ஆண்டுக்கு ஒருமுறை நாமே மூடுபனியை உண்டாக்குகிறோம். போகியன்று அதிகாலை எரியும் டயரும் பிளாஸ்டிக்கும் பழைய துணியும் கிளப்பும் புகை, மார்கழிக் கடைசி நாளின் குளிர்ந்த, அசையாத காற்றில் மேலே போக வழியின்றித் தேங்குகிறது. புகைத்துகள்களைப் பற்றிக்கொண்டு நீராவி துளியாகிறது. 2018 போகியன்று சென்னையில் தரையிறங்க முடியாமல் விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

ஈரத்தால் மறைத்ததா, புகையால் மறைத்ததா என்று பிரித்துச் சொல்வது வானிலை நிலையத்தின் வேலைகளில் ஒன்று. மக்களுக்கு இது உயிர் விஷயம். ஈர மூடுபனியில் நடைப்பயிற்சி போகலாம். புகை கலந்ததில் ஆஸ்துமா உள்ளவர் ஜன்னலைத் திறக்கக்கூடக் கூடாது. லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் தேங்கிய புகைப்பனி ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்த பிறகே, அங்கே தூய காற்றுக்கான சட்டம் வந்தது.

எட்டரை மணிக்குள் மறைந்துவிடும் சான்று

இன்னொரு குறையும் உண்டு. நம் நாட்டில் பல சிறிய வானிலை நிலையங்களில் முக்கியப் பதிவு காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் நடக்கிறது. தமிழகச் சமவெளி மூடுபனியோ நள்ளிரவுக்கு மேல் வந்து எட்டு மணிக்குள் போய்விடக் கூடியது. ஊழியர் வெளியே வந்து பார்க்கும்போது வானம் தெளிவாக இருக்கும். 'முன்பு மூடுபனி இருந்தது' என்று குறிக்க இடமுண்டு; மூன்று மணிக்கு எத்தனை மீட்டர் தெரிந்தது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊர் ஊராக நிற்கும் தானியங்கி நிலையங்கள் பெரும்பாலும் வெப்பம், ஈரப்பதம், மழை, காற்று ஆகியவற்றை அளப்பவை. செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்தாலும், தாழ்ந்த மேகத்தையும் தரையைத் தொட்ட மூடுபனியையும் உறுதியாகப் பிரித்தறிவது அதற்குக் கடினம். ஆகவே கிருஷ்ணகிரி, ஓசூர், வேலூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் மூடுபனியின் உண்மையான அளவு நமக்குக் கிடைப்பதில்லை. பதிவில் இல்லாத ஆபத்துக்கு யாரும் பணம் ஒதுக்குவதுமில்லை.

சாலையிலும் முடியும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கால்ஹூன் அருகே 1990 டிசம்பர் 11 அன்று, மூடுபனியில் 99 வாகனங்கள் மோதிக்கொண்டன. 12 பேர் இறந்தனர். அதன்பின் அந்தச் சாலையோரத்தில் பார்வைத் தூரம் அளக்கும் கருவிகளை நிறுத்தினார்கள். அளவு குறைந்தால் மின்பலகையில் வேக வரம்பு இறங்கும். மேலும் குறைந்தால் சாலைக்குள் நுழையும் வழியையே மூடிவிடுவார்கள்.

நம் நாட்டில் யமுனை விரைவுச் சாலையில் குளிர்காலத்துக்கென்று கார்களின் வேக வரம்பை 100-லிருந்து 75 கி.மீ. ஆகக் குறைக்கிறார்கள். நல்ல தொடக்கம்தான். எனினும் அது நாள்காட்டியைப் பார்த்து வைக்கும் வரம்பு. தெளிந்த நண்பகலிலும் அதே 75. கை நீட்டினால் விரல் தெரியாத விடியலிலும் அதே 75.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, மூடுபனி அதிகம் வரும் நெடுஞ்சாலைப் பகுதிகளில் பார்வைத் தூரக் கருவிகளைச் சுங்கச்சாவடிகளில் நிறுத்தலாம். அங்கே மின்சாரம், இணையம், இரவுப் பணியாளர் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அளவு நேராக மின்பலகைக்குப் போக வேண்டும். 200 மீட்டருக்கு ஒரு வேகம், 100 மீட்டருக்கு ஒரு வேகம் என்று வரம்பு மாற வேண்டும். 50 மீட்டருக்குக் கீழே போனால் வண்டிகளைச் சாவடியிலேயே நிறுத்திவைக்க வேண்டும். வானிலைக் கண்காணிப்பை மேம்படுத்த 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,000 கோடி ரூபாயில் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் சாலைக்கும் பங்கு கேட்க வேண்டும்.

இரண்டாவது, கருவி வரும்வரை கம்பம் போதும். நெடுஞ்சாலைகளில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நடும் வழக்கம் உண்டு. ஆபத்தான பகுதிகளில் அந்த இடத்திலும், அதற்கு முன்னே 50, 100 மீட்டரிலும் ஒளி பிரதிபலிக்கும் உயரமான கம்பங்களை நட்டால், ஓட்டுநரே தான் எந்தப் படியில் இருக்கிறார் என்று அறியலாம். மலை அடிவாரத்திலும் உச்சியிலும் உள்ள சோதனைச் சாவடி ஊழியர், கம்பத்தைப் பார்த்து அரை மணிக்கு ஒருமுறை செல்பேசியில் அளவைத் தெரிவிக்கலாம். ரயில்வே செய்வதைத்தான் சொல்கிறோம்.

மூன்றாவது, அறிவிப்பில் மூன்று விவரங்கள் கட்டாயமாக வேண்டும்: எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எத்தனை மணிவரை. 'கிருஷ்ணகிரி - ஓசூர் இடையே 100 மீட்டர். எட்டு மணிவரை நீடிக்கும்' என்றால் பயணத்தைத் தள்ளிப்போடலாம். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் மழையை மில்லிமீட்டரில் சொல்லப் பழகியதுபோல, மூடுபனியை மீட்டரில் சொல்லப் பழக வேண்டும்.

நான்காவது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாவட்ட வானிலை நிலையங்களில் பின்னிரவு இரண்டரைக்கும் விடியற்காலை ஐந்தரைக்கும் கூடுதல் பதிவுகள் நடக்க வேண்டும். மூடுபனி தொடங்கிய நேரமும் விலகிய நேரமும் குறிக்கப்பட வேண்டும். போகி வாரத்தில் வானிலை மையமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, பார்வைத் தூரத்தையும் காற்றின் தரத்தையும் ஒரே அறிக்கையாக வெளியிடலாம்.

ஐந்தாவது, பேருந்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் பணிமனைக்கு வேண்டும். அரசுப் பேருந்தானாலும் ஆம்னி பேருந்தானாலும், குறித்த அளவுக்குக் கீழே பார்வை குறைந்தால் தாமதத்துக்காக ஓட்டுநரைக் கேள்வி கேட்கக் கூடாது. ஓட்டுநர் உரிமப் பயிற்சியில் மூடுபனிக்கென்று ஒரு பாடம் இருக்க வேண்டும். விளக்கை 'டிப்'பில் வைக்க வேண்டும். 'பிரைட்'டில் வைத்தால் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பிக் கண்ணிலேயே அடிக்கும். சாலையில் வண்டியை நிறுத்தவே கூடாது. நிறுத்தியே தீர வேண்டும் என்றால் சாலையை விட்டு இறக்கிவிட வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. வானிலை மையம், நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் காவல் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களை அழைத்து உட்கார வைக்க வேண்டும். ஒரு நெடுஞ்சாலைப் பகுதி, ஒரு மலைப்பாதை என இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து அடுத்த மார்கழிக்குள் தொடங்கட்டும். அந்தக் குளிர்காலத்தில் கிடைக்கும் மீட்டர் கணக்கே, அடுத்து எங்கெங்கே கருவி வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.